அணைத்த தண்ணீர் எங்கே போகிறது?

நவரை அறுவடை முடிந்த கையோடு காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத் வட்டாரத்தில் வைக்கோல் வண்டிகள் சாலைக்கு வந்துவிடும். பக்கப் பலகைகளைத் தாண்டி இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்டு அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, பாலாற்றுக்குத் தெற்கே உத்திரமேரூர் பக்கமிருந்து மாட்டுப் பண்ணைகளுக்கு ஏற்றிப் போவார்கள். கிராமச் சாலையில் மின்கம்பி கொஞ்சம் தொய்ந்திருந்தால் போதும். ஒரு உரசல், ஒரு பொறி. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குத் தெரியாது; பின்னால் பைக்கில் வருபவர் கத்திக்கொண்டே முந்தி வந்து சொன்னால்தான் தெரியும். தமிழ்நாட்டில் கோடைதோறும் செய்தித்தாள்களின் உள்பக்கத்தில் இந்தச் செய்தி ஊர்ப்பெயர் மட்டும் மாறி வந்துகொண்டே இருக்கிறது. விவரமான ஓட்டுநர் வண்டியை வீடுகளை விட்டு விலக்கி, முடிந்தால் ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குதிப்பார்.

தீயணைப்பு வண்டி வந்து சேர்கிறது. அதன் தொட்டியில் வழக்கமாக 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதன் பம்ப் முழுத் திறனில் ஓடினால் நிமிடத்துக்கு 2,250 லிட்டர் தள்ளும். அப்படித் திறந்துவிட்டால் இரண்டே நிமிடத்தில் தொட்டி காலி. ஆகவே யாரும் அப்படித் திறப்பதில்லை. ஒரு ஹோஸ், அதன் முனையில் பிராஞ்ச் எனப்படும் பீச்சுகுழல், நிமிடத்துக்கு நானூற்றைம்பது லிட்டர் என்று கட்டுப்படுத்திப் பிடித்தாலும் பத்து நிமிடம்தான். அதற்குள் தீ அடங்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வண்டி வர வேண்டும், அல்லது பக்கத்தில் ஏரியோ கிணறோ இருக்க வேண்டும்.

தீயணைப்புத் துறையும் சுற்றுச்சூழலும் என்று பேச்செடுத்தால் உடனே சொல்லப்படுபவை நிலையத்துக் கூரையில் சூரியத் தகடு, மின்சார வண்டி, எல்இடி விளக்கு. அவை வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் ஏரியும் ஆற்று மணலும்தான் சோறும் குடிநீரும் என்றிருக்கிற வாலாஜாபாத் போன்ற ஊரில், தீயணைப்பின் சுற்றுச்சூழல் கணக்கு தண்ணீரில்தான் இருக்கிறது. எவ்வளவு செலவாகிறது, எங்கிருந்து வருகிறது, நெருப்பைத் தொட்ட பிறகு எங்கே போகிறது? முதல் இரண்டைப் பற்றித் துறைக்குள் எப்போதும் கவலை உண்டு. கடைசிக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு.

முதலில் செலவைப் பார்ப்போம். காய்ந்த வைக்கோல் ஒரு கிலோ முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 14 மெகாஜூல் வெப்பம் வெளிவரும். மூன்று டன் ஏற்றிய வண்டி என்றால் 42,000 மெகாஜூல். இந்தப் பக்கம் தண்ணீர். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 0.3 மெகாஜூல்கூடச் செலவாவதில்லை. கொதித்த பிறகு அதை நீராவியாக மாற்றத்தான் 2.26 மெகாஜூல் வேண்டும். தண்ணீரின் பலமே இந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது. ஆவியாகும் தண்ணீர்தான் நெருப்பிடமிருந்து வெப்பத்தைப் பிடுங்குகிறது. சூடேறி வழிந்தோடும் தண்ணீர் செய்கிற வேலை அதில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

மொத்த வெப்பத்தையும் தண்ணீரால் ஈடுகட்ட வேண்டுமானால், ஒரு சொட்டுகூட வீணாகாமல் எல்லாம் ஆவியானாலும், 16,500 லிட்டர் வேண்டும். வண்டியில் இருப்பதோ 4,500. அப்படியானால் தீயணைப்பே நடக்க முடியாதே? நடக்கிறது. காரணம், எல்லா வெப்பத்தோடும் மோத வேண்டிய அவசியம் இல்லை. வைக்கோல் நேரடியாக எரிவதில்லை. சூட்டில் அது வாயுக்களை வெளிவிடுகிறது, அந்த வாயுதான் சுடராக எரிகிறது. சுடர் தன் வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி வைக்கோலுக்குக் கொடுத்து அடுத்த வாயுவை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை அறுத்தால் போதும். எரியும் பரப்பின் மேல்தோல் குளிர்ந்து வாயு வருவது நின்றுவிட்டால், உள்ளே எத்தனை டன் எரிபொருள் மிச்சமிருந்தாலும் சுடர் படுத்துவிடும். கூடவே நீராவி தன் பழைய கன அளவைப்போல ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, அங்கே இருக்கும் காற்றைத் தள்ளிவிடுகிறது.

ஆக, சிக்கனத்தின் சூட்சுமம் ஆவியாக்குவதில் இருக்கிறது. அதற்குப் பரப்பளவு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். 0.3 மில்லிமீட்டர் துளிகளாக்கினால் 20 சதுர மீட்டர். அதே தண்ணீர்தான், வெப்பத்தைத் தொடும் தோல் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகிவிட்டது. ஆனால் துளியை மேலும் மேலும் சிறிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது. மிக நுண்ணிய துளி, நெருப்பிலிருந்து மேலெழும் காற்றோட்டத்தை எதிர்த்து உள்ளே நுழையாது. பாதி வழியிலேயே தூக்கியெறியப்படும். பூட்டிய அறைக்குள் எரியும் தீக்கு நுண்துளி அற்புதமாக வேலை செய்யும். காற்றடிக்கும் வயல்வெளியில் எரியும் வைக்கோல் போருக்கு அது போதாது.

பிராஞ்ச் பிடித்திருப்பவரின் மணிக்கட்டில் இந்த இயற்பியல் முழுதும் இருக்கிறது. முனையைத் திருகினால் நேர்த்தாரை பனித்தாரையாக விரியும். எதிர்ப்பக்கம் திருகினால் மீண்டும் ஈட்டியாகக் குவியும். தூரத்திலிருந்து அடிக்க, உள்ளே துளைக்க நேர்த்தாரை. கிட்டே போய்க் குளிர்விக்க, தனக்கே கவசமாகப் பிடித்துக்கொள்ள விரிந்த தாரை. அனுபவசாலி ஓரிடத்தில் நிறுத்திப் பிடிக்க மாட்டார். வீசி, நிறுத்தி, பார்த்து, மறுபடி வீசுவார். தரையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்தே அவர் வேலை தெரிந்தவரா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஓடை ஓடினால், அந்தத் தண்ணீர் நெருப்புக்கு உதவவில்லை என்று அர்த்தம். இந்தியாவின் பல நகரங்களில் சந்துகளுக்காக வைத்திருக்கும் தீயணைப்பு பைக்குகள் சில பத்து லிட்டர் தண்ணீரோடு புறப்பட முடிவதும் இந்தக் கணக்கில்தான். உயர் அழுத்தத்தில் நுண்துளியாக்கி, தீ சிறியதாக இருக்கும்போதே அடித்துவிடுவது.

வைக்கோலில் இன்னொரு தொல்லை உண்டு. சுடர் அடங்கினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இறுக்கிக் கட்டிய கட்டின் நடுவே காற்று கொஞ்சம்தான் போகும். சுடர்விடப் போதாது, கங்காகத் தொடரப் போதும். மேலே ஊற்றும் தண்ணீர் வெளிப்புறத்திலேயே வழிந்துவிடும். வைக்கோலின் தோலில் மெழுகுப்பூச்சு இருக்கிறது. தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை அதிகம். இரண்டும் சேர்ந்தால் ஊறவே ஊறாது. ஜேசிபி வரவழைத்துப் பிரித்துப் போட்டு நனைப்பது வழக்கம். தண்ணீரில் நூறு பங்குக்கு அரைப் பங்கு, ஒரு பங்கு என்று ஈரமூட்டும் திரவம் கலந்தால் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கி, நீர் உள்ளே ஊடுருவும். சோப்பு நுரை செய்யும் வேலைதான். குறைந்த தண்ணீரில் கங்குவரை எட்ட முடிகிற இந்த முறைக்குப் பெரிய முதலீடு வேண்டாம்.

குப்பை மேட்டுத் தீ இதே கதையின் பெரிய வடிவம். 2022 ஏப்ரல் 27 அன்று சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டபோது அணைக்க நாட்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அடுத்த ஆண்டு மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரத்தில் பிடித்த தீ அடங்குவதற்குள் பத்து நாட்களுக்கு மேலாகிவிட்டது. மண் அள்ளும் இயந்திரங்களால் குப்பையைக் கிளறிக் கிளறி, அடியிலிருந்த கங்கில் தண்ணீரை அடித்தார்கள். பிளாஸ்டிக் எரிந்த புகை ஒரு பக்கம். குப்பைக்குள் இறங்கிக் கறுத்து வெளியே வடியும் தண்ணீர் இன்னொரு பக்கம். இந்த வகைத் தீயில் அணைப்பதற்கு நல்ல முறை என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுதான் உண்மை. நம் பேரூராட்சிகளில் வளம் மீட்புப் பூங்கா என்று பெயர் வைத்து, மட்கும் குப்பையை உரமாக்கி, மட்காததைத் தனியே பிரித்து அனுப்புகிறார்களே, அது தீயணைப்புத் துறையின் கணக்கில் வராத தீயணைப்பு. பிரிக்கும் கொட்டகையில் நிற்கும் தூய்மைப் பணியாளர் ஒரு தண்ணீர் வண்டியை ஒவ்வொரு நாளும் மிச்சப்படுத்துகிறார் என்று சொன்னால் அது மிகை; ஆனால் ரொம்ப மிகை இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நகரத்தில் ஹைட்ரன்ட் இருக்கலாம். வாலாஜாபாத்தைத் தாண்டினால் ஏரி, குளம், விவசாயக் கிணறு, பம்புசெட். வண்டியின் உறிஞ்சு குழாயைத் தண்ணீரில் இறக்கி, பம்ப் உள்ளேயிருக்கும் காற்றை வெளியேற்றினால், வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றும். பம்ப் இழுக்கிறது என்று நாம் சொல்வது பேச்சுக்குத்தான். வளிமண்டலம் தள்ளக்கூடிய உச்ச உயரம் 10.3 மீட்டர். உராய்வு, கசிவு, தண்ணீரின் சூடு எல்லாம் போக நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. மார்கழியில் விளிம்புவரை நிற்கும் கிணறு சித்திரையில் பத்து மீட்டர் கீழே போயிருந்தால், கண்ணெதிரே தண்ணீர் தெரியும், வண்டியால் எடுக்க முடியாது. ஏரியிலோ தண்ணீர் நடுப்பள்ளத்துக்கு ஒதுங்கியிருக்கும். கரையிலிருந்து குழாய் எட்டாது, சேற்றில் வண்டி இறங்காது. வைக்கோல் எரிகிற அதே கோடையில்தான் இந்த நிலை.

அதனால் தூர்வாரிய ஏரி தீயணைப்பு வசதியும்கூட. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920 ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. அந்தத் தேர்தலில் ஆள் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரிக்கென்று தனியாக ஒரு குழு, ஆண்டுக்கு ஆண்டு மாறும் பொறுப்பு. இன்று ஒரு ஏரிக்கரையில் வண்டி இறங்க ஒரு சரிவுப்பாதை போடுவதற்கு நீர்வளத் துறை, ஊராட்சி, தீயணைப்புத் துறை என்று மூன்று கோப்புகள் நகர வேண்டியிருக்கிறது. கோடைக்கு முன்னால் எந்தெந்த இடத்தில் வண்டி நின்று நீர் எடுக்கலாம் என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக் குறித்து வைப்பதற்குக் காசு செலவில்லை. அப்படிக் குறித்து வைத்த நிலையத்தின் வண்டி, நடுச்சாமத்தில் தண்ணீர் தேடி டீசலை எரித்துக்கொண்டு அலையாது.

நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் சேமிப்புக்கு இடமிருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. காஞ்சிபுரம் பக்கம் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. நிலையத்தின் கூரை 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சிதறல் போக எண்பது சதவீதம் பிடித்தாலும் 1,60,000 லிட்டர். முப்பத்தைந்து வண்டித் தண்ணீர் அது. பயிற்சியில் செலவாவது பலருக்கும் தெரியாது. இரண்டு பிராஞ்ச் வைத்து அரை மணி நேரம் பயிற்சி செய்தால் 27,000 லிட்டர், அதாவது ஆறு வண்டி. தாரையைத் தொட்டிக்கே திருப்பி, அதே தண்ணீரைச் சுழற்றினால் இந்தச் செலவு கிட்டத்தட்ட மறைந்துவிடும். சுத்திகரித்த கழிவுநீரைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமே என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. நல்ல யோசனைதான், ஆனால் பனித்தாரையாக அடிக்கும்போது அந்தத் துளிகள் பிராஞ்ச் பிடித்தவரின் மூச்சுக்குள் போகும். கிருமி நீக்கம் சரியாக இல்லாத தண்ணீரை அவர் முகத்துக்கு நேரே தூளாக்கக் கூடாது.

இனி அந்தக் கேட்கப்படாத கேள்விக்கு வருவோம்.

1986 நவம்பர் 1 அதிகாலை. சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே இருந்தது ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட பொருள், பெரும்பகுதி பூச்சிக்கொல்லி. தீயணைப்பு வீரர்கள் தங்கள் வேலையைத் திறமையாகச் செய்தார்கள். சில மணி நேரத்தில் தீ கட்டுக்குள் வந்தது. ஆனால் ஊற்றிய தண்ணீரைத் தேக்கிவைக்க அங்கே போதுமான தொட்டி இல்லை. பூச்சிக்கொல்லியைக் கரைத்துக்கொண்டு அது ரைன் ஆற்றில் இறங்கியது. கிடங்கில் இருந்த சாயம் கலந்து ஆறு சிவப்பாக ஓடியது. கீழ்நோக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. ஒன்றரை லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஆற்றைக் கெடுத்தது தீ அல்ல, தீயை அணைத்த தண்ணீர்.

ஏழு மாதம் கழித்து, 1987 மே 27 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரில் ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தின் பெயின்ட் கிடங்கு எரிந்தது. கிடங்கு நின்ற இடத்தின் அடியில் மணலும் சரளையுமான நிலத்தடி நீர்ப்படுகை. ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்குக் குடிநீர் அதிலிருந்துதான். தண்ணீர் ஊற்றினால் பெயின்டும் கரைப்பானும் மண்ணுக்குள் இறங்கும். நகரத்தின் குடிநீர்ப் பொறியாளர்களும் தீயணைப்பு அதிகாரிகளும் கலந்து பேசி ஒரு முடிவெடுத்தார்கள்: எரியட்டும். சுற்றியிருக்கும் இடங்களைக் காத்துக்கொண்டு, கிடங்கை நாட்கணக்கில் எரியவிட்டார்கள். கரும்புகை வானத்துக்குப் போனது, குடிநீர் தப்பியது. தீயணைப்பு வீரரிடம் அணைக்காதே என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பார்த்தால், அந்த முடிவின் கனம் புரியும்.

இதை வாலாஜாபாத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பாலாறு ஆண்டில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். ஆனால் மணலுக்கு அடியில் நீரோட்டம் இருக்கிறது. ஆற்றுப்படுகையில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் கரையோர ஊர்களுக்கும் அதற்கு அப்பாலும் குடிநீர் போகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் திருமுக்கூடலும் அதன் எதிர்க்கரைப் பழையசீவரமும் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். மணல் தண்ணீரை வேகமாக உள்வாங்கும். அதனால்தான் அது நல்ல நீர்ப்படுகை, அதனால்தான் அதற்குக் கெடுதலும் வேகமாக வரும். வடக்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கான கிடங்குகளும். ஊருக்குள் உரக்கடை, பூச்சிமருந்துக் கடை, டயர்க் கடை, பெயின்ட் கடை. இங்கே ஏரிகள் தனித்தனியாக இல்லை. ஒன்றின் கலங்கலில் வழியும் நீர் அடுத்ததன் வரத்துக் கால்வாயில் இறங்கும் சங்கிலித் தொடர். ஒரு ஏரியில் கலந்தது அங்கேயே நிற்காது.

சாதாரண வைக்கோல் தீயில் வழியும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் சாம்பலும் கரியும்தான். பூச்சிமருந்துக் கடை எரிந்தால் நிலைமை வேறு. கடைக்கு எதிரே இருக்கும் மழைநீர் வடிகாலை மணல் மூட்டை போட்டு அடைத்துவிட்டால், தண்ணீர் தெருவிலேயே தேங்கும். அதைக் கழிவுநீர் லாரியில் உறிஞ்சி எடுத்துப் போய்விடலாம். ஹோஸை விரிப்பதற்கு முன்னால் ஒரு ஆள் வடிகாலைப் பார்க்க ஓட வேண்டும், அவ்வளவுதான். கருவி எதுவும் வேண்டாம், பழக்கம் வேண்டும்.

தண்ணீரில் கலக்கும் நுரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் தண்ணீரை விட லேசானது. தண்ணீர் ஊற்றினால் அது மேலே மிதந்து எரிந்துகொண்டே பரவும். ஆகவே நுரைப் போர்வை. பழைய காலத்துப் புரத நுரை, கால்நடைகளின் குளம்பையும் கொம்பையும் வேகவைத்துச் சிதைத்துச் செய்தது, நாற்றம் தாங்காது. 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் நிறுவனமும் ஃப்ளோரின் சேர்ந்த புதுவகை நுரையைக் கொண்டுவந்தன. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைப் பெட்ரோலின் இழுவிசைக்கும் கீழே இறக்கிவிடுகிறது அது. அதனால் நுரையிலிருந்து வடியும் தண்ணீரே பெட்ரோலின் மேல் மெல்லிய படலமாகப் பரவி ஆவியைப் பூட்டிவிடும். சில நொடிகளில் தீ அணைவதைப் பார்த்தவர்கள் அதை விட்டுக்கொடுக்கத் தயங்குவது நியாயம்தான்.

அதன் பலமே அதன் கேடு. கரிமத்துக்கும் ஃப்ளோரினுக்கும் இடையிலான பிணைப்பு கரிம வேதியியலில் உள்ள மிக உறுதியான பிணைப்புகளில் ஒன்று. நெருப்பிலும் எளிதில் உடைவதில்லை, மண்ணிலும் நீரிலும் நுண்ணுயிர்களாலும் எளிதில் உடைக்க முடிவதில்லை. பிஃபாஸ் என்று அழைக்கப்படும் இந்த வகைப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன; நுரையில் மட்டுமல்ல, ஒட்டாத பாத்திரம், நீர் ஒட்டாத துணி என்று பல இடத்தில். ஸ்வீடனில் ரோன்னபி என்ற ஊரில் விமானத்தளத்துத் தீயணைப்புப் பயிற்சியில் பல ஆண்டுகள் கொட்டிய நுரை நிலத்தடி நீரில் இறங்கி, குழாய் வழியே வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது 2013 கடைசியில்தான் தெரிந்தது. யாரும் தீயில் சாகவில்லை. எரிந்ததெல்லாம் பயிற்சிக்காக மூட்டிய தீ. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவற்றில் பிஃபோஸை 2009லும், பிஃபோவாவை 2019லும் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023 கடைசியில் பிஃபோவாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. சென்னையின் நீர்நிலைகளிலும் இவை இருப்பதை ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவை நுரையிலிருந்துதான் வந்தன என்று சொல்லிவிட முடியாது; தொழிற்சாலையும் குப்பைக் கிடங்கும் சேர்ந்தே காரணமாக இருக்கும்.

ஃப்ளோரின் இல்லாத நுரைகள் வந்துவிட்டன. அமெரிக்க ராணுவமே 2023இல் அவற்றுக்குத் தரநிர்ணயம் வெளியிட்டது. அவை படலம் அமைப்பதில்லை, நுரையின் கனத்தால் மூடுகின்றன; கொஞ்சம் கூடுதலாக, கொஞ்சம் மென்மையாகப் போட வேண்டும். பழகினால் முடியும். அவற்றையும் ஏரியில் விடக்கூடாது. மட்கும்போது நீரிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் சாகும். ஆனால் அந்தக் கேடு சில வாரத்தில் தீரும். எதை மாற்ற முடியாவிட்டாலும், செயல்விளக்கத்துக்கும் பயிற்சிக்கும் ஃப்ளோரின் நுரையைக் கொட்டுவதை நாளைக்கே நிறுத்திவிடலாம். இந்தத் துறைக்கு இது புதிதும் அல்ல. கணினி அறைகளில் தீயணைக்க வைத்திருந்த ஹேலான் வாயு ஓசோனைத் தின்கிறது என்று தெரிந்ததும், மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகளிலும் 2010உடன் அதன் உற்பத்தி நின்றது. அப்போதும் முடியவே முடியாது என்றுதான் சொன்னார்கள்.

சிக்கனம் பேசக் கூடாத இடமும் உண்டு. 2022 செப்டம்பர் 28 அன்று வாலாஜாபாத்தை அடுத்த தேவரியம்பாக்கத்தில் எரிவாயு சிலிண்டர் கிடங்கில் தீப்பிடித்து, சிலிண்டர்கள் வெடித்து, உயிர்கள் போயின. எரிவாயுத் தீயில் சுடரை அணைப்பது இரண்டாம் வேலை. சுடர் சுட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துச் சிலிண்டர்களைக் குளிர்விப்பதுதான் முதல் வேலை. உள்ளே திரவமாக இருக்கும் வாயு கொதித்து அழுத்தம் ஏற, சூடேறிய எஃகு பலமிழக்க, இரண்டும் சந்திக்கும் கணத்தில் வெடிப்பு. அங்கே தரையில் ஓடை ஓடினாலும் பரவாயில்லை, தண்ணீரை நிறுத்தக் கூடாது. அப்படிப்பட்ட ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் மிச்சம் பிடிப்பது.

பெரிய கட்டடங்களில் கூரையிலேயே இருக்கும் ஸ்பிரிங்ளர் பற்றி ஒரு வார்த்தை. எஃப்எம் குளோபல் என்ற காப்பீட்டு நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி அமைத்த இரண்டு வரவேற்பறைகளை எரித்துப் பார்த்தார்கள். ஸ்பிரிங்ளர் இருந்த அறையில் பசுங்குடில் வாயுக்கள் 97.8 சதவீதம் குறைந்தன. மொத்தத் தண்ணீர்ச் செலவும் பாதியானது. காப்பீட்டு நிறுவனத்துக்கு ஸ்பிரிங்ளர் மேல் பாசம் இருப்பது இயல்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும், காரணம் தெளிவு. தீ சிறுபிள்ளையாக இருக்கும்போதே தண்ணீர் விழுகிறது. ஒரகடம் கிடங்குகளில் இந்தக் குழாய்களில் தண்ணீர் இருக்கிறதா என்று சோதிப்பது எந்தச் சூரியத் தகட்டையும் விடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது.

மின்சாரத் தீயணைப்பு வண்டிகள்? பெர்லினிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஓடுகின்றன. நகரத்துக்குள் ஐந்து நிமிடத் தூரம், குறுகிய வேலை. அங்கேயும் மின்கலம் தீர்ந்தால் பம்ப் நிற்கக் கூடாது என்று சிறிய டீசல் எஞ்சினைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள். நம் வண்டி இருபது முப்பது கிலோமீட்டர் போய், எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் பம்ப் ஓட்ட வேண்டும். இங்கே அது முதல் செலவாக இருக்க வேண்டியதில்லை. பாம்பு பிடிக்கவும் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கவும் ஆய்வுக்கும் போகும் சின்ன வண்டியை வேண்டுமானால் மின்சாரத்துக்கு மாற்றலாம். கிராமப்புற நிலையங்களின் அன்றாட ஓட்டத்தில் அந்த அழைப்புகள் கொஞ்சமல்ல.

ஒவ்வொரு ஏப்ரலிலும் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிரிழந்த வீரர்களின் நினைவாக. பள்ளிக்கூடத்திலும் பேருந்து நிலையத்திலும் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி அணைத்துக் காட்டுவார்கள். கூட்டம் கைதட்டும். அதே வாரத்தில் இன்னொரு வேலையையும் செய்து முடித்துவிடலாம். வாலாஜாபாத் பேரூராட்சியின் வடிகால் வரைபடத்தை எடுத்து, பூச்சிமருந்தும் பெயின்டும் டயரும் வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்கும் கிடங்குக்கும் எதிரே ஓடும் சாக்கடை எந்த ஏரியில் அல்லது ஆற்றின் எந்த இடத்தில் முடிகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது. நாற்பது எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி என்றால் அது நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். நடுச்சாமத்தில் யாரை எழுப்பி மதகை மூடச் சொல்ல வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. ஆற்றுக் கிணறுகளின் மோட்டாரை நிறுத்தச் சொல்லவும் ஒரு எண் வேண்டும். அது குடிநீர் வடிகால் வாரியத்தில் இருக்கிறது.